திலகவதியார் கேட்டது

மழை வரக் கூடாது என்று சாமி கும்பிடுகிறவர்கள் மரக்காணத்தில் இருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் பாத்தியில் உப்பு பூத்து நிற்கும் நேரம் ஒரு கோடை மழை விழுந்தால் போதும், அத்தனை நாள் உழைப்பும் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். அதே நாளில் வடமேற்கே அச்சிறுபாக்கத்துக் குன்றின்மேல் மழைமலை மாதாவின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்து மழை கேட்டு நிற்கிறவர்கள் இருப்பார்கள். வறட்சியில் மழை வேண்டிச் செபித்த மக்களால் அந்தக் குன்றுக்கு வந்த பெயர் அது. ஏரியை நம்பிய உழவருக்கு மழைதான் சோறு. உப்பளத்தில் நிற்பவருக்கு அதே மழை அடுப்பை அணைத்துவிடும். இரண்டு வேண்டுதலும் நியாயமானவை. இரண்டுமே வயிற்றிலிருந்து வருகிறவை.

கேட்டது கிடைப்பதுதான் பிரார்த்தனை என்றால், இந்தக் கரையில் ஒவ்வொரு பருவத்திலும் யாரோ ஒரு பக்கத்தார் தோற்றுப்போகத்தான் வேண்டும். தோற்றவர்கள் அடுத்த வருடமும் அதே சன்னிதியில் நிற்கிறார்கள். படித்தவர்கள் பலர் இதை அறியாமை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் நம்பிக்கை உள்ளவன். நெடுங்காலம் பதில் வராத வேண்டுதல் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். பதில் வராத இடத்தில் மனிதர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்பது ஜன்னலுக்கு வெளியே சில நிமிடங்கள் ஓடும் வெள்ளை. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு அதிகம் விளையும் இடம். பக்கத்தில் கழுவேலி, 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். கழிமுகத்தின் வழியே கடல் உள்ளே ஏறி வரும். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் கல்வெட்டுகளில் இவ்வூர் உப்பளங்கள் பேசப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணில் சிலர் வெயிலில் நின்று உப்பு வாரிக்கொண்டிருக்கிறார்கள். அரசர் பெயர் கல்லில் இருக்கிறது. வாரியவர்கள் பெயர் இல்லை.

உப்பு விளைவது பொறுமையான காரியம். கடல் தண்ணீரின் உவர்ப்பு அடர்த்திமானியில் மூன்று டிகிரி அளவில் காட்டும். பாத்தி பாத்தியாக அதை நகர்த்தி, வெயிலும் காற்றும் தின்னவிட்டு, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு கட்டத் தொடங்கும். வழியில் சுண்ணாம்பும் ஜிப்சமும் தனியே படிந்துவிடும். முப்பதை நெருங்கினால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும், அதற்குள் கசப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டாக வேண்டும். பருவம் தொடங்கும் முன்னால் தரையை வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். பிறகு நீண்ட கோலில் கட்டிய பலகையால் வாரி, வரப்பில் ஏற்றி, கூடையில் தலைச்சுமையாய் மேட்டுக்குக் கொண்டுபோய்க் குவித்து, கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூட வேண்டும். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும், வெயில் ஏறிவிட்டால் நிற்க முடியாது என்பதால். அப்படியும் வெயில் ஏறிய பிறகும் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

மேலே ஒரு சூரியன், கீழே வெள்ளைத் தரையிலிருந்து எழும்பி வரும் இன்னொரு சூரியன். பல வருடம் அதைப் பார்த்த கண்ணில் சதை வளர்கிறது, புரை விழுகிறது, சிவப்பு ஆறுவதில்லை. காலில் வெடிப்பு; வெடிப்பில் உப்பு. சின்னக் காயம்கூட ஆற மாதக்கணக்காகும். ஐப்பசி பிறந்தால் வேலை நின்றுபோகும், கடன் தொடங்கும். 2022 முதல் மழைக்காலத்துக்கென்று தமிழக அரசு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. நல்ல காரியம். ஆனால் மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் என்பதை அரிசி விலையோடும் மருந்துச் செலவோடும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு மேல் கடல். 2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், 2020இல் நிவர், 2022இல் மாண்டஸ். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது உள்ளே மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் தண்ணீருக்குள் போயின. தண்ணீர் வடிந்த பிறகு எது வரப்பு, எது பாத்தி என்று தெரியாமல் கிடக்கும் சேற்றில் இறங்கி மறுபடியும் கரை கட்டுகிறார்கள், மறுபடியும் மிதிக்கிறார்கள். இதைச் செய்கிறவர்களிடம் போய் விடாமுயற்சியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

ஒரு முறை உப்பு மேட்டருகே வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கண் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. மகன் இறந்துவிட்டான், மருமகள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் வருவதாகச் சொன்னார். அங்காளம்மனிடம் என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

“வேண்டிக்கிறதா? சண்டதான் போடுவேன் தம்பி. வேற யாராண்ட போய் போடறது? மேஸ்திரியாண்ட போட்டா நாளைக்கு வேல கெடையாது.”

சொல்லிவிட்டுக் காலை உதறிக்கொண்டு நடந்தார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அன்று முழுக்க அந்த வார்த்தை உள்ளே கிடந்தது. உலகத்தில் இவருக்குச் சண்டை போடும் உரிமை உள்ள இடம் ஒன்றே ஒன்று, அது சன்னிதி. அங்கே குரலை உயர்த்தினால் வேலை போகாது. அதற்காகவே பேருந்து ஏறிப் போகிறார்.

இந்தக் கடற்கரையிலிருந்து தெற்கே கெடிலக்கரைவரை நீளும் நடுநாட்டில், துயரத்தோடு கடவுள்முன் நின்றவர்களின் கதைகள் சில இருக்கின்றன. அவற்றில் எனக்கு மிக நெருக்கமானவர் திலகவதியார். பலருக்கு அவர் திருநாவுக்கரசரின் அக்காள், அவ்வளவுதான். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதும்போதும் தம்பியின் புராணத்துக்குள் வந்துபோகிறவராகத்தான் அவரை வைக்கிறார். அந்தச் சில பாடல்களுக்குள் இருக்கும் வாழ்க்கையை எடுத்து நிதானமாகப் பார்த்தால், நெடுந்துயரத்தில் பிரார்த்தனை என்றால் என்ன என்பதற்கு நம் மொழியில் இதைவிட முழுமையான சான்று இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

திருவாமூரில் புகழனார், மாதினியார் என்ற வேளாளத் தம்பதிக்குப் பிறந்தவர். 12 வயதில் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் அரசன் ஏவ வடபுலத்துக்குப் போருக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியில் அப்பா நோயில் போனார். அம்மாவும் அவரோடு போய்விட்டார். துக்கம் ஆறுவதற்குள் கலிப்பகையார் களத்தில் இறந்த செய்தி வந்தது. தானும் உயிரை விட்டுவிடுவதென்று அந்தப் பெண் முடிவெடுத்தாள். தம்பி காலில் விழுந்தான். நீயும் போனால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்றான். அதற்காக உயிரோடு இருந்தாள். நகை இல்லை, கல்யாணம் இல்லை. ஒரு சிறுவனுக்காக மிச்ச வாழ்நாளை வைத்துக்கொண்டாள்.

அந்தச் சிறுவன் வளர்ந்தான். தண்ணீர்ப் பந்தல் வைத்தான், அறச்சாலை வைத்தான், உலகத்தின் நிலையாமையை நினைத்து நினைத்து ஒரு நாள் சமணம் சேர்ந்துவிட்டான். பாடலிபுத்திரத்தில், இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்று பெரிய பெயரும் பெற்றான். யாருக்காக உயிர் வைத்திருந்தாளோ அவனும் வீட்டை விட்டுப் போய்விட்டான். செத்துப்போயிருந்தால் அழுது முடித்திருக்கலாம். இது வேறு வகைத் துக்கம். குடித்துக் கெட்ட பிள்ளைக்காக, வெளியூர் போய்த் திரும்பாத புருஷனுக்காக, பேசாமலே இருக்கும் மகளுக்காகக் கோயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

திலகவதியார் ஊரை விட்டார். கெடிலத்தின் வடகரையில் திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து மடம் ஒன்றில் தங்கினார். அங்கே அவர் செய்ததாகச் சேக்கிழார் சொல்வதைக் கவனிக்க வேண்டும். பொழுது விடியும் முன் எழுந்து கோயிலைக் கூட்டுவார். சாணம் கரைத்து மெழுகுவார். பூப் பறித்து மாலை தொடுப்பார். இதையே செய்துகொண்டிருந்தார். அதனிடையே தம்பிக்காகக் கேட்டுக்கொண்டும் இருந்தார். எத்தனை வருடம் என்று புராணம் கணக்குச் சொல்லவில்லை. தம்பி சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்து, வாதத்தில் வென்று, தலைமை பெறும் அளவுக்கான காலம். அது சின்னக் காலமாக இருந்திருக்க முடியாது.

இதில் தத்துவப் பேச்சு எதுவும் கிடையாது. துடைப்பம், சாணம், பூக்கூடை. மனம் நம்பிக்கையோடு இருந்த நாளிலும் கூட்டியிருப்பார், நம்பிக்கை அற்றுப்போன நாளிலும் கூட்டியிருப்பார். நெடுங்காலத் துன்பத்தில் மனத்தை நம்பிப் பிரார்த்தனை செய்ய முடியாது என்பது பட்டவர்களுக்குத் தெரியும். மனம் ஒரு நாள் எரியும், ஒரு நாள் சாம்பலாய்க் கிடக்கும். கை பழகியிருந்தால் கை செய்துவிடும். விளக்கேற்றுவது, செபமாலை உருட்டுவது, ஐந்து வேளை பாயை விரிப்பது எல்லாவற்றையும் வெறும் பழக்கம் என்று இகழ்ந்து பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. உள்ளே ஒன்றுமில்லாத நாட்களில் மனிதனைக் கடவுள்முன் கொண்டுபோய் நிறுத்துவது அந்தப் பழக்கம் மட்டுமே.

பதில் வந்தது. வந்த விதம்தான் என்னால் இன்றுவரை எளிதாகக் கடந்துபோக முடியாத இடம். இறைவன் கனவில் வந்து, கவலையை விடு, சூலை நோய் கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்கிறார். தம்பியைத் திருப்பிக் கொடு என்று கேட்டவளுக்குத் தம்பியின் குடலைப் பிடுங்கும் வலிதான் பதில். தருமசேனர் சுருண்டு விழுந்தார். சமணத் துறவிகள் மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலி கொண்டு தடவினார்கள், எதுவும் கேட்கவில்லை. கடைசியில் சமையல்காரனை அனுப்பி அக்காவுக்குச் சொல்லிவிட்டார். நந்தவனத்தருகே நின்றவரிடம் அவன் வந்து, உம் தம்பி வலியில் துடிக்கிறார் என்று சொன்ன அந்த நொடியைச் சேக்கிழார் விரித்துச் சொல்லவில்லை. திலகவதியாருக்கு அந்த வலி எங்கிருந்து வந்தது என்று தெரியும். தான் கேட்டதால் வந்தது என்றும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தோட்டத்தில் நின்றார்.

அவர் ஓடிப் போகவுமில்லை. சமணர் இருக்கும் இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். முதலில் படித்தபோது எனக்கு அது கல்மனமாகப் பட்டது. பிறகு வேறுவிதமாகப் புரிந்தது. அத்தனை வருடக் காத்திருப்பை அந்தக் கடைசி இரவில் அவர் அவசரப்பட்டுக் கலைத்துவிடவில்லை. அவன் தானாகக் கிளம்பி வர வேண்டும். வந்தான், இருட்டில், யாரும் பார்க்காமல், வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு. அக்கா காலில் விழுந்தான். அவர் திருநீறு கொடுத்தார். விடியலில் வழக்கம்போலத் துடைப்பமும் சாணமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனார். தம்பி திரும்பி வந்த நாளிலும் கோயிலைக் கூட்டாமல் விடவில்லை. தேவாரத்தில் நாவுக்கரசரின் முதல் பதிகம் அன்று பிறந்தது. வலி தாங்காமல் முறையிடும் பாட்டு அது.

இந்தக் கதையைச் சைவர்கள் சொன்ன விதத்தில் சமணர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களும் இந்த மண்ணின் மக்கள். திண்டிவனத்துக்கு மேற்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு, வட்டெழுத்தின் வரலாற்றில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. யாரிடமும் எதையும் கேட்காமல் துன்பத்தைத் தானே முழுதாக ஏற்றுத் தீர்க்கும் வழி அது. அந்தக் குன்றின்முன் நான் தலை குனிகிறேன். ஆனால் அந்த வைரம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு போட வேண்டிய ஒருவர் உண்ணாமல் இருந்து கரையேற முடியாது. அவருக்குக் கத்துவதற்கு ஒரு காது வேண்டும். நாவுக்கரசர் ஒரு மரபிலிருந்து இன்னொன்றுக்கு வந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வலியில் அலற, அவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்.

சூலை தீர்ந்ததோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. பிறகுதான் சமணத்தை விட்டதற்காக அரசன் விதித்த நீற்றறை, நஞ்சு, யானை. கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள் என்கிறது புராணம். மரக்காணத்து அலை அடிக்கும் இதே வங்கக் கடல்தான். கல் மிதந்து கரையேறியதாகச் சொல்லும் இடம் கடலூரில் கரையேறவிட்ட குப்பம் என்றே வழங்குகிறது. இந்தச் செய்திகள் ஒவ்வொன்றும் அதிகைக்கு வந்து சேரும்போது அக்காள் அங்கேதான் இருந்திருப்பார். கேட்டது கிடைத்த பிறகும் அவருடைய காத்திருப்பு முடியவில்லை.

நடுநாட்டில் இன்னொருவர், திருநாவலூர்ச் சுந்தரர். உப்பு மேட்டில் பார்த்த அந்த அம்மாவைப் போல அவருக்கும் கண் போனது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, ஆரூர்த் திருவிழா நினைவு வந்ததும் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் இருண்டன. அங்கிருந்து ஆரூர்வரை தடவித் தடவிப் போன வழியெல்லாம் அவர் பாடியவை, கடவுளோடு ஒரு மனிதன் போட்ட மிக நீண்ட சண்டைகளில் ஒன்று. கெஞ்சுகிறார், வெட்கப்படுகிறார், குத்திக் காட்டுகிறார். திருவெண்பாக்கத்தில் கோயிலுக்குள்தான் இருக்கிறீரா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீ போ என்று பதில் வருகிறது. கூடவே ஒரு ஊன்றுகோல்.

கண் கேட்டவருக்குக் கோல். கோபத்தில் அதை வீசியதில் நந்தியின் கொம்பு முறிந்தது என்கிறது தலக்கதை. அந்தப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய், வேறிடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. சாமிக்கு இன்றும் ஊன்றீஸ்வரர் என்றே பெயர். காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. விழுப்புரத்தருகே திருவாமாத்தூர் வழியாகத் தெற்கே போனார். திருத்துருத்தியில் மேனியில் வந்த நோய் தீர்ந்தது. கடைசியில் ஆரூர் போய், உம்மையே நம்பிக் கிடக்கிறவர்கள் இப்படி முகம் வாடி நிற்க நீர் மட்டும் நன்றாக இரும் என்கிற பொருளில் முகத்துக்கு நேரே வைத பிறகுதான் வலக்கண் வந்தது. துண்டு துண்டாக, ஊர் ஊராகப் பதில். ஒவ்வொரு துண்டும் அடுத்த ஊர்வரை நடக்கத்தான் போதுமானதாக இருந்தது. நெடுநோயில் கிடப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: முழுச் சுகம் வரவில்லை, ஆனால் ஒரு ராத்திரி தூக்கம் வந்தது, கடன் தீரவில்லை, ஆனால் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு யாரோ கொடுத்தார்கள். கோலைக் கோல் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். கண்ணைக் கேட்பதை அதனால் நிறுத்த வேண்டியதில்லை. சுந்தரர் நிறுத்தவில்லை.

சுந்தரர் தவறு செய்தவர். ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியவர். அவருக்கே இவ்வளவு பேசும் உரிமை சன்னிதியில் இருந்ததென்றால், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் உப்பு வாரியதற்காகக் கண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கிறவருக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்?

பிற வேதங்களிலும் இந்த உரிமை இருக்கிறது. கிறிஸ்தவர்கள் யோபு என்பவரை இஸ்லாமியர்கள் ஐயூப் நபி என்பார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்த மனிதர். பைபிளில் 42 அதிகாரங்கள் கொண்ட அந்த நூலில் பெரும்பகுதி அவருடைய வழக்காட்டம். நண்பர்கள் மூன்று பேர் வந்து பக்தியாகத்தான் பேசுகிறார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், பொறுத்துக்கொள், கடவுள் நீதிமான். கடைசியில் கடவுள் பேசும்போது, என்னைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுதான், நீங்கள் அல்ல என்று அந்த நண்பர்களிடம் கோபப்படுகிறார். வழக்காடியவன் பக்கம் கடவுள் நின்றுவிட்டார். குர்ஆனில் ஐயூப் நபி துன்பம் தன்னைத் தொட்டுவிட்டதென்று இறைவனை அழைக்கிறார். காலால் தரையைத் தட்டு என்று பதில் வருகிறது. தட்டிய இடத்தில் குளிர்ந்த நீர், குளிக்கவும் குடிக்கவும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடக்கிற உவர்நிலத்துக்காரருக்கு அந்த வசனத்தின் ருசி நம்மைவிட நன்றாகத் தெரியும்.

துன்பப்படுகிறவரிடம் பொறுமையைப் பற்றிப் பிரசங்கிப்பதை எல்லா மதத்துக்காரர்களும் செய்கிறோம். பூர்வஜென்மக் கர்மம் என்கிறோம், சிலுவையைச் சுமந்துகொள் என்கிறோம், சோதனை என்கிறோம். பட்டவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது அவருடைய தைலம். வெளியிலிருந்து மற்றவர் சொன்னால் அது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை. சிமோன் வெய் என்ற பிரெஞ்சுப் பெண் 1934இல் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு தொழிற்சாலைகளில் கூலியாளாகப் போய்ச் சேர்ந்தார். அந்த அனுபவத்திலிருந்து பின்னால் அவர் எழுதிய முக்கியமான விஷயம், கடுந்துன்பம் மனிதரின் பேச்சையே பறித்துவிடுகிறது என்பது. அடிபட்டவருக்குத் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வார்த்தை கிடைப்பதில்லை. அதனால்தான் அங்காளம்மனிடம் சண்டை போடும் அந்த அம்மாவை நான் பெரிதாக நினைக்கிறேன். அவரிடமிருந்து பேச்சு இன்னும் பறிபோகவில்லை. அவர் அமாவாசைதோறும் பேருந்தேறுவது அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

பேச்சு மிச்சமிருந்தால் அது சன்னிதியோடு நிற்காது என்றும் நம்புகிறேன். கடவுளிடம் முகத்துக்கு நேரே நியாயம் கேட்டுப் பழகியவர் ஒரு நாள் கூலிக்காகவும் கேட்பார், நிழலுக்காகவும் குடிதண்ணீருக்காகவும் கேட்பார், கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடிக்கும் காலுக்கு உறைக்கும் கேட்பார். கேட்டால் வேலை போகும் என்ற பயத்தில் அவரை வைத்திருக்கும் குற்றம் நம் எல்லாருடையதும். பிரார்த்தனை மக்களை மழுங்கடிக்கிறது என்பவர்களுக்கு நான் சுந்தரரைத்தான் காட்டுவேன். மழுங்கிப்போன ஒருவர் ஆரூரில் அப்படிப் பேசியிருக்க முடியாது.

திலகவதியாருக்கு அதிகைக் கோயிலில் சன்னிதி இருக்கிறது. ஆனால் அறுபத்துமூவரில் அவர் இல்லை. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் நாவுக்கரசர் பெயர் உண்டு, அக்காவின் பெயர் இல்லை. அதனால் சேக்கிழாரும் அவருக்குத் தனிப் புராணம் பாடவில்லை. கூட்டி மெழுகிக் கேட்டுக்கொண்டே இருந்ததற்குக் கணக்கில் இடமில்லாமல் போய்விட்டது. எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அந்தத் தொகையில் தனித்தனி அடியார்களோடு ஒன்பது தொகையடியார்களும் உண்டு, பெயர் சொல்லாமல் கூட்டமாக வணங்கப்படுகிறவர்கள். அவர்களில் கடைசிக் கூட்டம் அப்பாலும் அடிச்சார்ந்தார். அவர்கள் யார் என்று சேக்கிழார் விளக்கும்போது, மூவேந்தர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் என்றும், தொகையில் பேசப்பட்ட அடியார்களின் காலத்துக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் என்றும் சொல்கிறார். மரக்காணம் சோழநாட்டு அரசர்கள் கல்வெட்டிய ஊர், தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கிறது. உப்பளத்தில் நிற்கிறவர்கள் காலத்தால் பின்னால் வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் அவர்களைச் சேர்த்து வணங்குவதற்குச் சேக்கிழார் வைத்த விதியே போதும்.